வெளிநாட்டு மாணவர்களின் இரண்டு வாரப் பயணத்தை எங்கள் கொட்டான் குழு ஏற்கலாமா?

காரைக்குடிப் பக்கம் பனையோலைக் கொட்டான் (கூடை) முடையும் உங்கள் மகளிர் குழுவுக்கு, ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் சமூகத் தொழில்முனைவுப் பாடத்தின் பகுதியாக இரண்டு வாரம் மாணவர்களை அனுப்ப விரும்புவதாகவும், அதனால் குழுவுக்குப் பயன் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏற்கலாம். ஆனால் அவர்கள் செய்ய வேண்டிய வேலை எது என்பதை நீங்கள் முடிவு செய்த பிறகே ஏற்க வேண்டும். இதே வட்டாரத்தில் வேறொரு குழுவுக்குக் கணக்கு எழுதுவதாலும், இப்படி வருகிறவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் பழக்கம் இருப்பதாலும் இதைச் சொல்கிறேன்.

அவர்கள் அனுப்பும் திட்ட வரைவில் பெரும்பாலும் இணையதளமும் ஐந்தாண்டு வணிகத் திட்டமும் இருக்கும். இணையதளம் அழகாகவே அமையும். மாணவர்கள் ஊர் திரும்பிய பிறகு, அதில் வரும் ஆங்கில விசாரணைகளுக்குப் பதில் எழுதவும் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டவும் குழுவில் ஆள் இல்லையென்றால் அது சில மாதங்களில் முடங்கிவிடும்.

எங்களுக்கு உண்மையிலேயே உதவியது அடக்கவிலைக் கணக்குதான். குருத்தோலையைக் காயவைப்பது, ஈர்க்கு நீக்கி ஒரே அகலத்தில் வகிர்வது, சாயம் காய்ச்சுவது, ஈரத்துணியில் சுற்றிப் பதமாக்குவது, முடைவது, வாய் விளிம்பு கட்டுவது என ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தை மாணவர்கள் திண்ணையில் பெண்களோடு உட்கார்ந்து குறித்தார்கள். முடைவதற்கு மட்டும் கூலி போட்டுப் பழகிய இடத்தில் வகிர்வதும் விளிம்பு கட்டுவதும் கணக்கில் ஏறியபோது, சிறிய கொட்டான்தான் நட்டத்துக்குப் போகிறது என்பது தெரிந்தது. அதற்கு ஓலை குறைவாகச் செலவானாலும், விளிம்பு கட்டும் நேரம் பெரிய கொட்டானைவிட அதிகம் குறைவதில்லை. அந்த ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டே பிறகு கல்யாண ஆர்டர்களுக்கு விலை பேசினோம்.

பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச வேண்டாம். எண்ணிக்கைக் கூலிக்கு முடையும் பெண் ஒரு மணி நேரம் பேட்டி கொடுத்தால், அந்த நேரத்தின் வருமானம் போய்விடுகிறது. விடுதிக்கும் வாகனத்துக்கும் ஒதுக்கும் பல்கலைக்கழகம் இதற்கும் ஒதுக்க வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். இதற்கு முகம் சுளிக்கும் இடத்தோடு மேற்கொண்டு பேசத் தேவையில்லை என்பது என் கருத்து.

காலமும் முக்கியம். அவர்களுடைய விடுமுறை பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியிலோ மே முதல் ஆகஸ்டு வரையிலோ வரும். தை, மாசி முகூர்த்த ஆர்டர்கள் கழுத்தை நெரிக்கும்போது விருந்தினரைக் கவனிக்க முடியாது. மே மாத வெயிலில் ஓலை நொறுங்கும், வந்த பிள்ளைகளும் சுருண்டுவிடுவார்கள். கல்யாணம் இல்லாத ஆடியின் முதல் பாதி நமக்குத் தோதானது.

இவர்களை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் அழைத்துப் போவது வழக்கம். பணம் கட்டும் நோயாளிகளின் வருவாயிலிருந்து ஏழைகளுக்கு இலவச சிகிச்சை அளிக்கும் அந்த முறையை ஒரு நாளில் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். ஆனால் 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அந்த இடம் இன்றைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. அதைப் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரியை உங்கள் குழுவுக்குப் பத்து நாளில் வரைந்து தருவதாகச் சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் லேவாதேவிக்கு (வட்டித் தொழிலுக்கு) போன நம் ஊர் ஏஜெண்டுகளே ஒரு கணக்குக்கு, அதாவது ஒரு பணித் தவணைக்கு, மூன்று ஆண்டு தங்கினார்கள். தொழில் பழகும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் ஏஜெண்டாக அதற்கும் மேல் ஆயிற்று.

விசா ஏற்பாடு பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. மாணவர்களை உறுப்பினர் வீடுகளில் தங்கவைப்பதாக இருந்தால் மட்டும் கவனம் தேவை; வெளிநாட்டினர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் அரசுக்கு இணையவழியில் தகவல் தந்தாக வேண்டும். உறுப்பினர்களுக்கு இது பழக்கமில்லை என்றால், பதிவு பெற்ற விடுதியில் தங்கச் சொல்வதே எளிது.

பதில் கடிதத்தில் ஒரே ஒரு வேலையைக் குறிப்பிடுங்கள்: அடக்கவிலைக் கணக்கோ, ஆர்டர் பதிவேடோ, ஓலை இருப்புக் கணக்கோ, எது உங்களுக்கு இப்போது அவசரமோ அது. முடிவில் தரும் ஆவணம் தமிழில் இருக்க வேண்டும், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே உங்கள் கணக்காளர் அதைத் தானே நிரப்பிப் பார்க்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாகச் சேருங்கள்.