கூப்பிட்டா திரும்பிக்கூட பாக்க மாட்டேங்குது!

கேள்வி: எங்க வீட்டு நாய் பிரவுனிக்கு ஒன்றரை வயசு. வீட்டுக்குள்ள கூப்பிட்டா வாலை ஆட்டிக்கிட்டு வந்துடும், ஆனா மைதானத்துல அவுத்து விட்டா அவ்வளவுதான், "வா வா"ன்னு தொண்டை கிழிய கத்தினாலும் காதுல வாங்காது. கிட்ட போனா பத்தடி தள்ளி ஓடி நின்னு என்னையே பாக்குது, மறுபடி போனா மறுபடி ஓடுது. புடிக்கறதுக்குள்ள முக்கால் மணி நேரம் ஆயிடுது, அந்தக் கோபத்துல ஒண்ணு ரெண்டு அடியும் போட்டிருக்கேன். திமிர் புடிச்ச நாயா இது?

பதில்: திமிரெல்லாம் இல்லைங்க. மைதானத்துல நீங்க "வா"ன்னு சொன்ன ஒவ்வொரு தடவையும் அடுத்து என்ன நடந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. செயின் மாட்டினீங்க, ஆட்டம் முடிஞ்சுது, நேரா வீடு, சில நாள் அடி வேற. அப்போ பிரவுனியைப் பொறுத்தவரைக்கும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் "சந்தோஷம் இத்தோட சரி"ங்கறதுதான். வீட்டுக்குள்ள அதே வார்த்தைக்கு ஏதாவது திங்கக் கிடைக்குது, தடவிக் குடுக்கறீங்க, அதனால வருது.

அடிச்சதைப் பத்தி முதல்ல சொல்லிடறேன், படிக்கறப்போ மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. ஓடினதுக்காக அடிச்சீங்கன்னு உங்களுக்குத் தெரியும், அதுக்குத் தெரியாது. அடி விழற நேரத்துல அது எங்க இருந்துச்சோ, என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சோ அதோடதான் அடியை முடிச்சுப் போட்டுக்கும், அப்போ அது உங்க கையில இருந்துச்சு. காதைப் பின்னால மடக்கி, வாலைச் சுருட்டிக்கிட்டு, முகத்தை வேற பக்கம் திருப்பிக்கிட்டு நிக்கறப்போ "பண்ண தப்பு அதுக்கே தெரியுது பாரு"ன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, அது உங்க கோபத்தைப் பாத்து பயந்துபோன முகம்ங்க. எவ்வளவு லேட்டா வந்தாலும் சரி, வந்து நின்ன நாயைத் திட்டவே கூடாது.

அடுத்தது, பழைய "வா"வை மறந்துடுங்க, அது கெட்டுப்போன வார்த்தை. புதுசா ஒண்ணு எடுத்துக்குங்க, "ஓடியா"ன்னு வச்சுக்கலாம், வாய்க்கும் நல்லா வரும். முதல் ஒரு வாரம் வீட்டுக்குள்ள மட்டும்தான். நாய் உங்க பக்கத்துல சும்மா நிக்கறப்போ "ஓடியா"ன்னு சொல்லுங்க, சொன்ன அடுத்த நொடியே வேக வச்ச சிக்கன்ல பட்டாணி அளவு ஒரு துண்டு, எலும்பு, உப்பு, மசாலா எதுவும் இல்லாம. அது எதுவும் செய்யத் தேவையில்ல, வார்த்தை வந்தா துண்டு வரும், அவ்வளவுதான். ஒரு தடவைக்கு பத்து முறை, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போதும். பாவ்லோவ்னு ஒரு ரஷ்ய விஞ்ஞானி நாய்களை வச்சு நூறு வருஷத்துக்கு முன்னாடியே காட்டின விஷயம்தான் இது. நாலஞ்சு நாள்ல ஒண்ணு கவனிப்பீங்க, வேற எங்கயோ பாத்துக்கிட்டு இருக்கற நாய்க்கு "ஓடியா"ன்னு சொன்னதும் முதல்ல காது மட்டும் ஒரு துடி துடிக்கும், அப்புறம் கழுத்து வெடுக்குன்னு திரும்பும், உடம்பு அதுக்கப்புறம்தான் வரும். அந்தக் கழுத்துத் திருப்பல் வந்துடுச்சுன்னா அடுத்த ரூம்ல இருந்து கூப்பிடலாம், அப்புறம் வாசல்ல, அப்புறம் ஆளில்லாத இடத்துல. மைதானம் கடைசியிலதாங்க.

வெளிய போறப்போ 5ல இருந்து 10 மீட்டர் நீளத்துக்கு ஒரு கயிறு வேணும். கழுத்து பெல்ட்ல கட்டாதீங்க, ஓடற வேகத்துல கயிறு முடிஞ்சு இழுத்தா கழுத்து அடிபடும், நெஞ்சைச் சுத்திப் போடற ஹார்னெஸ்லதான் கட்டணும். கயிறைக் கையில சுத்திக்கவும் வேண்டாம், விரல் போயிடும், தானா சுருளற செயினும் இதுக்கு ஆகாது. கூப்பிடறது ஒரே ஒரு தடவை. வரலைன்னா நாலு தடவை கத்தாதீங்க, கத்தக் கத்த அது வெறும் சத்தமாயிடும். கயிறு நுனியைக் கையில வச்சுக்கிட்டே எதிர்ப்பக்கமா நாலு எட்டு ஓடுங்க, இல்ல அப்படியே குத்தவச்சு உக்காருங்க. துரத்தினா அது நாய்க்கு விளையாட்டு, நீங்க ஓடினா அது உங்களைத் துரத்தும்.

இன்னொண்ணு, இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. உங்க நாய் பத்தடியில நின்னு பாக்குதுன்னு சொன்னீங்களே, அது பயப்படறது உங்க கையைப் பாத்து. அதனால வந்ததும் முதல்ல இடது கையால பெல்ட்டை மெதுவா புடிங்க, அப்புறம் வலது கையால துண்டைக் குடுங்க, ஒண்ணா இல்ல, ஒண்ணுக்கொண்ணு பின்னால. புடிச்சதும் விட்டுட்டு "போ, விளையாடு"ன்னு அனுப்பிடுங்க. பத்துல ஒம்போது தடவை திரும்ப ஓட விடணும், ஒரு தடவை மட்டும் செயின் மாட்டி வீட்டுக்கு. திரும்பவும் மோந்து பாக்கப் போகலாம்ங்கறதே அதுக்கு சிக்கனை விடப் பெரிய பரிசு.

மாசக்கணக்குல ஆகும், பரவால்ல. சுத்தி மூடின இடமா இல்லைன்னா அதுவரைக்கும் கயிறு இல்லாம அவுத்து விடாதீங்க, ரோடு பக்கத்துல எப்பவுமே வேண்டாம்.

கேள்வி: எங்க மூணு மாசக் குட்டி நான் எங்க போனாலும் பின்னாலயே வருது, கூப்பிட்டா பறந்து வருது. இதுக்கும் ட்ரெய்னிங் தேவையா?

பதில்: இப்போ வர்றது வயசோட குணம். ஆறு மாசத்துக்கு மேல உலகம் பெருசாத் தெரிய ஆரம்பிச்சதும் இதே குட்டி உங்களைத் திரும்பிப் பாக்காம போகும். அதனால இப்பவே, வர்ற ஒவ்வொரு தடவையும் குடுங்க, கொஞ்சுங்க. மாத்திரை போட, நகம் வெட்ட, குளிப்பாட்ட இதுக்கெல்லாம் கூப்பிடவே கூடாது, நீங்களே போய் தூக்கிட்டு வாங்க. நான் முன்னாடி வளர்த்த ஒரு பெண் நாயை ரெண்டே தடவை கூப்பிட்டுக் குளிப்பாட்டினேன், அதுக்கப்புறம் நான் கையில டவலோட நின்னாலே கட்டிலுக்கு அடியில போயிடும், அதைச் சரிபண்ண எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆச்சு. தர்ற தீனியை அன்னைக்கு சாப்பாட்டுல கழிச்சுக்குங்க. திராட்சை, சாக்லேட், வெங்காயம் சேந்தது எதுவும் வேண்டாம், நாய்க்கு விஷம்.

கேள்வி: என் குரல் தூரத்துக்கு எட்டாது. மனுஷங்களுக்குக் கேக்காத விசில் ஒண்ணு இருக்காமே, அதை வாங்கலாமா? இல்ல ஷாக் குடுக்கற காலர் நல்லதா?

பதில்: விசில் நல்ல யோசனை. நம்ம குரல்ல கோபம், அவசரம் எல்லாம் கலந்துடும், விசில்ல அது கிடையாது, யார் ஊதினாலும் ஒரே சத்தம். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேக்கும், நாய்க்கு சுமார் 45,000 வரைக்கும் கேக்கும், அதை வச்சுதான் அந்த "கேக்காத" விசில். ஆனா சத்தம் வந்துச்சா இல்லையான்னு உங்களுக்கே தெரியாம போயிடும், சாதாரண விசிலே வாங்கிக்குங்க. ரெண்டு குட்டி ஊதல், வீட்டுல எல்லாரும் அதே மாதிரி. முதல் வாரம் மேல சொன்னபடி சிக்கனோடதான் ஆரம்பிக்கணும், வெறும் விசிலுக்கு எந்த மந்திரமும் இல்ல.

ஷாக் காலர் வேண்டவே வேண்டாம். வேல்ஸ் நாட்டுல 2010லயே தடை பண்ணிட்டாங்க. ஷாக் அடிக்கற நேரத்துல எதிர்ல ஒரு குழந்தை நின்னுச்சுன்னா வலி அந்தக் குழந்தையாலதான் வந்துச்சுன்னு நாய் நினைச்சுக்கலாம், அப்புறம் அது குழந்தைங்களைப் பாத்தாலே உறும ஆரம்பிச்சா யாரைக் குத்தம் சொல்றது.

கேள்வி: பதினோரு வருஷமா ஒரே குரலுக்கு வந்த நாய். ரெண்டு மாசமா கூப்பிட்டா கண்டுக்கவே மாட்டேங்குது, மனசு வலிக்குது. ஏங்க இப்படி?

பதில்: காது கேக்காம இருக்கலாம்ங்க. அது வேற பக்கம் பாத்துட்டு இருக்கறப்போ பின்னால கொஞ்சம் தள்ளி நின்னு, காத்தோ தரை அதிர்வோ படாம கை தட்டிப் பாருங்க, காது அசையலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. சில சமயம் காதுல அழுக்கும் புண்ணும்தான் காரணமா இருக்கும். மூட்டு வலியால எழுந்து வர முடியாமலும் இருக்கலாம், அதையும் பாக்கச் சொல்லுங்க. கேக்கறது போயிடுச்சுன்னு தெரிஞ்சா கையை அகலமா விரிச்சுக் கூப்பிடப் பழக்குங்க, ராத்திரியில டார்ச்சைத் தரையில ரெண்டு தடவை மினுக்குங்க, வந்ததும் முன்ன மாதிரியே தீனி குடுங்க. இந்த வயசுலயும் கத்துக்கும். தூங்கறப்போ பின்னால இருந்து திடீர்னு தொடாதீங்க, மூக்குக்கு முன்னாடி உங்க கையைக் கொண்டுபோங்க, உங்க வாசனை அதுக்குத் தெரியும்.