பம்ப் ஏன் சுட்டது?

அன்புள்ள அண்ணா,

புதுக்குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். டியூஷன் நோட்ஸில் தொகுதியின் இயல்புகள் என்று அமுக்கம், கனவளவு, வெப்பநிலை, வெப்பம் நான்கும் இருக்கின்றன. வெப்பமும் இயல்புதானா? கம்பஸில் ஆங்கிலத்தில் படிக்கும்போது இந்தத் தமிழ்ச் சொற்கள் உதவுமா? நல்ல புத்தகம் ஒன்றும் சொல்லுங்கள்.

ஒரு மாணவி

அன்புள்ள தங்கச்சி,

வெப்பம் இயல்பு அல்ல. அந்தச் சொல்லை இன்றைக்கே வெட்டிவிடுங்கள். ஆங்கிலக் கவலை இப்போது வேண்டாம். விளங்கிய விஷயத்தை எந்த மொழியிலும் படிக்கலாம். புத்தகத்தைப் பிறகு பார்ப்போம்.

உங்கள் கடிதம் வந்தபோது அப்பாவின் பழைய சைக்கிள் பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். 1996இல் கிளிநொச்சியை விட்டு மல்லாவிக்கு இடம்பெயர்ந்தோம். பொருளாதாரத் தடைக்காலம், பெற்றோல் அருமை. விறகு, நெல், நோயாளி எல்லாம் சைக்கிளில்தான். அப்பா ஒரு பாலை மரத்தடியில் சைக்கிள் திருத்தினார். காற்றடிப்பது என் வேலை. இரண்டு டயர் அடித்து முடிக்கப் பம்பின் அடிப்பக்கம் சுடும். “வாஷர் உரசிச் சுடுதடா” என்று அப்பா தோல் வாஷருக்கு இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டார். அடுத்த டயருக்கும் சுட்டது.

ஒருநாள் குழாயை டயரில் பூட்டாமல் வெறுமனே அடித்துப் பார்த்தேன். அதே வாஷர், அதே உரசல். பெரிதாகச் சுடவில்லை. குழாய் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு அடித்தேன்; சுட்டது. அப்பா தொட்டுப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. பின்னேரம் தானும் விரலால் அடைத்து அடித்துக்கொண்டிருந்தார்.

அங்கே அடுப்பு இல்லை; மர நிழல். உள்ளே வெப்பம் போகவில்லை. போனது என் கை செய்த வேலை.

சரி, இப்போது எல்லையை வரையுங்கள். எல்லைக்குள் நாம் கவனிக்க எடுப்பதுதான் தொகுதி. இங்கே அது அடைத்த பம்புக்குள் உள்ள காற்று. விரலை எடுக்காமல் அமுக்கும்போது காற்று உள்ளே வராது, வெளியே போகாது. அது மூடிய தொகுதி. எடுத்தால் திறந்த தொகுதி. காற்று 27 பாகை செல்சியஸில், அதாவது 300 கெல்வினில் இருக்கிறது. கனவளவு பாதியாகும்படி சட்டென்று அமுக்கினால் வெப்பம் வெளியேற நேரமில்லை. அது சேறலில்லாச் செயன்முறை. கணக்குப்படி காற்று 396 கெல்வினுக்கு, ஏறக்குறைய 123 பாகைக்கு ஏறும். அதே பாதிக்கு ஆறுதலாக அமுக்கினால் வெப்பம் சுவர்வழியே போய்க்கொண்டே இருக்கும். காற்று 27 பாகையிலேயே நிற்கும். அது சமவெப்பச் செயன்முறை.

வெயிலில் கிடந்து சூடான காற்றும் அமுக்கிச் சூடான காற்றும் ஒரே அமுக்கம், கனவளவு, வெப்பநிலைக்கு வந்துவிட்டால், எது எப்படிச் சூடானது என்று யாராலும் சொல்ல முடியாது. வந்த வழியை மறந்து நிலையை மட்டும் சொல்வதுதான் இயல்பு. வெப்பமும் வேலையும் எல்லையைக் கடக்கும்போது மட்டும் உள்ளவை. கடந்தபின் இருப்பது அகச்சக்தி, அதாவது தொகுதிக்குள்ளேயே இருக்கும் சக்தி.

நோட்ஸ் எழுதியவர்மேல் மட்டுமல்ல, உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். சந்தேகம் வந்த உடனே வகுப்பில் எழும்பிக் கேட்டிருக்க வேண்டாமா? உங்களுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் அந்த நாலாவது சொல்லைப் பாடமாக்கியிருப்பார்கள்.

உங்கள் ஊர் லான்ட்மாஸ்டரின், அந்த இருசக்கர உழவு இயந்திரத்தின், டீசல் எஞ்சினில் பொறி போடும் பிளக் இல்லை. அமுக்கிய காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. அதற்குமுன் பம்பில் தொடங்குங்கள். விரலால் அடைத்து ஒருமுறை சட்டென்றும் ஒருமுறை ஆறுதலாகவும் அமுக்கி, இரண்டுக்கும் எல்லை வரைந்து, எது எந்தப் பக்கம் கடந்தது என்று எழுதி அனுப்புங்கள்.