தோண்டிப் பார்க்கும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. மாடியில் எட்டுத் தொட்டி வைத்திருக்கிறேன். அவன் கையாலேயே தக்காளி விதை போட வைத்தேன். மறுநாளே விரலை விட்டுத் தோண்டிவிட்டான். திட்டினால் அழுகிறான். இந்த வயதுக்குத் தோட்ட வேலை சரிப்படுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகச் சரிப்படும். திட்டாதீர்கள் அம்மா. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கத்தானே தோண்டினான்? தக்காளி முளைக்க ஒரு வாரம்கூட ஆகும். நாலு வயதுக்கு அது ரொம்ப நீளம்.

முதலில், வேரைக் கண்ணால் பார்க்க விடுங்கள். கண்ணாடி டம்ளரின் உட்புறம் டிஷ்யூ தாளைச் சுற்றி நனைத்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே, இரவு ஊறிய தட்டைப்பயறு நாலைந்தைச் செருகச் சொல்லுங்கள். தாள் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். அது ஒரு அங்குலம் வளர்ந்ததும் தண்ணீரை வடித்து டம்ளரைப் படுக்க வையுங்கள். மறுநாள் வேர் நுனி கீழே பார்த்து வளைந்திருக்கும். என் பேத்தி இதைப் பார்த்துவிட்டு, "பாட்டி, அதுக்குக் கண்ணு இருக்கா?" என்று கேட்டாள். புவியீர்ப்பு என்ற சொல் அப்புறம் வரட்டும்.

தொட்டியில் தக்காளிக்குப் பதில் வெந்தயம் தூவுங்கள். சீக்கிரம் முளைக்கும். மூன்று வாரத்தில் அவனே கிள்ளி வந்து தருவான், சப்பாத்தி மாவில் போடலாம்.

கறிவேப்பிலைச் செடி இருக்கிறதா? மருந்து அடிக்காதீர்கள். இலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சியின் குட்டிப் புழுவாக இருக்கலாம். வளர வளரப் பச்சையாகிவிடும். ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சிவந்த கொம்பை நீட்டும், ஒரு வாடையும் வரும். எதிரியை விரட்டும் வித்தை அது. ஒரு தடவை போதும், பாவம். சில கொத்து இலை போகும், போகட்டும். கூட்டுப்புழுவானதும் தினமும் காலையில் அவனை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

மாடியில் அரளி இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. தண்ணீர் வாளியையும் நிரப்பி வைக்காதீர்கள்.

அப்புறம், எட்டில் ஒரு தொட்டியை அவனுக்கே கொடுத்துவிடுங்கள். வெறும் மண், ஒரு பழைய கரண்டி. அதில் எதையும் விதைக்க வேண்டாம். தோண்டட்டும்.