பாலத்தில் நின்றுவிடும் மல்லி: கைமாறி வந்த மட்டக்குதிரையைப் பழக்குவது எப்படி?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். பாலக்கோடு பக்கம் தக்காளி விவசாயம் செய்கிறேன். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று போன தை மாதம் ஒரு மட்டக்குதிரை வாங்கினேன். பெண் குதிரை, பெயர் மல்லி. எங்களுக்கு முன் நான்கு வீடு மாறியிருக்கிறதாம். பிள்ளைகளிடம் உயிராக இருக்கிறது, தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். ஆனால் வெளியே கூட்டிப்போனால் வாய்க்கால் சிறுபாலத்தில் நின்றுவிடுகிறது. இழுத்தாலும் அடித்தாலும் நகர்வதில்லை. நானே ஏறி விரட்டிப் பார்த்தேன், முன்னங்கால்களைத் தூக்கி நின்றுவிட்டது. 'சுழி சரியில்லை, இதைக் கொடுத்து மேலே கொஞ்சம் பணம் போடுங்கள், நல்ல குதிரையாக மாற்றித் தருகிறேன்' என்கிறார் விற்ற தரகர். மாற்றிவிடலாமா? பழக்க முடியுமா?

பதில்: மாற்றாதீர்கள். மல்லியைப் பழக்கலாம். நாள் பிடிக்கும், ஆனால் முடியும்.

முதலில் அந்தத் தரகர் விஷயத்தைப் பேசிவிடுகிறேன். மல்லி ஒவ்வொரு முறை கைமாறும்போதும் விற்றவருக்கு நஷ்டம், வாங்கியவருக்கு ஏமாற்றம், குதிரைக்குக் கஷ்டம். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொண்டு போகிறவர் ஒருவர்தான். இப்போது உங்களிடமிருந்து மல்லியும் பணமும் அவர் கைக்குப் போகும். அதே மல்லியை 'பிள்ளைகளுக்கு ஏற்ற சாது' என்று அரூரிலோ ஊத்தங்கரையிலோ இன்னொருவர் தலையில் கட்டுவார். உங்களுக்கு வருவதும் இன்னொரு வீட்டில் 'சுழி சரியில்லை' என்று திரும்பி வந்த குதிரையாகத்தான் இருக்கும். சுழி என்பது முடி வளரும் திசை. அதைப் பார்த்துக் குதிரையின் குணத்தை முடிவு செய்ய முடியாது. விலையைக் குறைத்து வாங்கவும், வாங்கியதைத் திருப்பிப் பிடுங்கவும் சுழி நன்றாக உதவுகிறது, அவ்வளவுதான்.

குதிரை வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையானாலும் சரி, வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்தாலும் சரி, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் இடத்தில் அவசரப்படாதீர்கள். முதல் நாள் தண்ணீரும் தீவனமும் காட்டாமல் வைத்திருந்தால் எந்தக் குதிரையும் சாதுவாகத்தான் நிற்கும். மயக்க ஊசி போட்டு நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். தலை தொங்கி, கீழ் உதடு தளர்ந்து, கூட்டத்துச் சத்தத்துக்குக் காதுகூட அசையாமல் ஒரு குதிரை நின்றால் அதைச் சாது என்று நம்பிவிடாதீர்கள். மறுநாள் காலையில், அது கட்டியிருக்கும் இடத்திலேயே போய் இன்னொரு முறை பாருங்கள். 'நாளைக்கு இருக்காது, இப்பவே முடிங்க' என்று தரகர் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

சரி, மல்லிக்கு வருவோம். பழக்கத் தொடங்குமுன் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்னிடம் 'முரட்டுக்குதிரை' என்று கொண்டுவரப்பட்டவற்றில் பலவற்றுக்கு வாயிலோ முதுகிலோ குளம்பிலோ நோவு இருந்தது. நல்ல வெளிச்சத்தில் நிறுத்தி, உதட்டோரத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். தோல் தடித்து, வெளுத்த தழும்பு இருந்தால் முன்பு யாரோ முள் கடிவாளம் போட்டு இழுத்திருக்கிறார்கள். வண்டி, பொதி விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகளே அதைத் தடை செய்துவிட்டன. ஆனாலும் சந்தையில் கயிறு, சலங்கை விற்கும் கடையில் முள் கடிவாளமும் தொங்குகிறது. கேட்பார் யாருமில்லை. முதுகில் பிடரி முடியும் இடத்தில் திட்டுத் திட்டாக வெள்ளை முடி முளைத்திருந்தால், அங்கே சேணம் உரசிப் புண்ணாகி ஆறியிருக்கிறது என்று பொருள். விரலால் அழுத்தும்போது முதுகை நெளித்தால் இன்னும் வலிக்கிறது. சாணத்தில் கொள்ளு முழுசு முழுசாக வந்தாலோ, மென்ற ராகித்தாளை உருண்டையாகக் கீழே போட்டாலோ கடைவாய்ப் பல்லின் விளிம்பு கூராகிக் கன்னத்தைக் கிழிக்கிறது. அதை அரம் வைத்து ராவ வேண்டும்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஓசூர் மத்திகிரிக் கால்நடைப் பண்ணை 1824-இல் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்க ஆரம்பித்த பண்ணை. இன்றைக்கு இந்த வட்டாரத்தில் ஒரு மட்டக்குதிரைக்குப் பல் ராவ ஆள் தேடினால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, பெங்களூர் ஹெப்பாலில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ போகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாட்டுக்குக் காதில் 12 இலக்க எண்ணுடன் வில்லை இருக்கிறது. ஐந்து வீடு மாறிய மல்லிக்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. எந்த வீட்டில் இருந்தது, என்ன ஊசி போட்டார்கள், எங்கே அடிபட்டது, எதுவும் தெரியாது. தரகர் சொல்வதுதான் வரலாறு. உங்கள் ஊர் மருந்தக மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன், சினை ஊசிக்கும் கோமாரித் தடுப்பூசிக்குமே அவருக்கு நாள் போதவில்லை. ஆனாலும் அவரிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி, குடற்புழு மருந்து, சர்ரா நோய் இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை. ரணஜன்னி குதிரையை மிகச் சுலபமாகத் தாக்கும், குளம்பில் ஏறிய ஓர் ஆணி போதும். முதல் ஊசிக்கு நான்கு முதல் ஆறு வாரம் கழித்து இரண்டாவது ஊசி, அப்புறம் வருடம் ஒன்று. சர்ரா என்பது ரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணியால் வரும் நோய், கடிக்கும் ஈக்களால் பரவுகிறது. அது வந்த குதிரை சோர்ந்து நிற்கும், நீங்கள் அதைப் பிடிவாதம் என்று நினைத்து அடிப்பீர்கள்.

வலி எதுவும் இல்லை என்றால், மல்லி நிற்பது கற்றுக்கொண்ட பழக்கம். குதிரை எதைக் கற்கிறது தெரியுமா? நீங்கள் கயிற்றை இழுக்கும் நேரத்தில் அது ஒன்றையும் கற்பதில்லை. எப்போது விடுகிறீர்களோ, அந்த நொடியில் தான் செய்துகொண்டிருந்ததைத்தான் 'இதுதான் சரி' என்று எடுத்துக்கொள்கிறது. நான்கு வீட்டிலும் என்ன நடந்திருக்கும்? இழுத்திருப்பார்கள், அது நின்றிருக்கும், இவர்கள் கை ஓய்ந்து கயிற்றை விட்டிருப்பார்கள். நின்றால் விடுவார்கள் என்று நான்கு வீட்டு ஆட்களும் பாடம் நடத்தி அனுப்பியிருக்கிறார்கள். போதாததற்கு ஒரு வீட்டில் 'ஹோ' என்றால் நில், இன்னொரு வீட்டில் அதுவே போ. குழம்பிப்போன குதிரைக்கு நிற்பதுதான் பத்திரமான வேலை.

அதனால் கடிவாளத்தைக் கொஞ்ச காலம் எடுத்து வையுங்கள். பருத்திக் கயிற்றில் தலைக்கயிறு போதும். பாலத்தில் தொடங்காதீர்கள், வீட்டுக் களத்தில் தொடங்குங்கள். முன்னால் நின்று முகத்தைப் பார்த்து இழுக்காமல், கழுத்துக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். கயிற்றில் லேசாக, ஒரே சீராக அழுத்தம் கொடுங்கள், வெட்டி இழுக்கக் கூடாது. அதன் மார்பைக் கவனியுங்கள். எடை பின்னங்காலிலிருந்து முன்னுக்குச் சாயும், தோள் தசை அசையும், காலை இன்னும் எடுத்திருக்காது. அந்த நொடியிலேயே கயிற்றைத் தளர்த்திவிடுங்கள். பிடரியைத் தேய்த்துக் கொடுங்கள், 'வா' என்று சொல்லுங்கள். நேராக வரவில்லை என்றால் பக்கவாட்டில் இரண்டடி திருப்புங்கள். குதிரை நேராக எதிர்த்து நிற்கும், பக்கவாட்டில் திருப்பினால் காலை எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்ததும் விடுங்கள். ஒரு வேளைக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். நன்றாகச் செய்யும்போதே முடித்துவிடுங்கள். பழக்குவது வீட்டில் ஒரே ஆளாக இருக்கட்டும், சொல்லும் ஒரே சொல்லாக இருக்கட்டும். வெல்லத்தைக் கையில் வைத்து ஊட்ட வேண்டாம், பிள்ளைகள் விரலைக் கடிக்கப் பழகும்.

களத்தில் 'வா' என்றால் வருகிறது என்ற பிறகு பாலத்துக்குப் போங்கள். குதிரைக்குக் கண் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் நெற்றிக்கு நேர் எதிரே, மூக்குக்கு அருகில் இருப்பது தெரியாது. வெயிலிலிருந்து நிழலைப் பார்த்தால் கண் பழக நம்மைவிட நேரம் எடுக்கும். அதன் கணக்கில் அந்தச் சிறுபாலம் ஒரு கறுப்புப் பள்ளம், மிதித்தால் சத்தம் வேறு மாறுகிறது. கயிற்றை நீளமாக விட்டு, தலையைத் தாழ்த்தி முகர்ந்து பார்க்க விடுங்கள். முகர்ந்துவிட்டுப் பெருமூச்சு விட்டாலோ, வாயை மென்றாலோ அன்றைக்கு அது போதும், அது பயந்து பின்வாங்குமுன் நீங்களே திருப்பிக் கூட்டி வந்துவிடுங்கள். மறுநாள் இன்னும் ஓரடி. அதற்குப் பழக்கமான மாட்டை முன்னால் ஓட்டிப் போனால் சீக்கிரம் கடக்கும். தனியாக இருக்க அஞ்சும் மிருகம் அது.

இப்போது முன்னங்காலைத் தூக்கிய விஷயம். இதை நான் லேசாக விடமாட்டேன். நம் பக்கத்தில் கல்யாண ஊர்வலம், காதுகுத்து, கோயில் திருவிழாவுக்கு ஆடப் பழக்கிய குதிரைகள் உண்டு. மேளம் கேட்டதும் காலை மாற்றி மாற்றித் தட்டும். கயிற்றை மேல்நோக்கிச் சுண்டி, விலாவில் குதிகாலால் தொட்டால் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும். வயதாகி ஆட முடியாமல் போனாலோ, முதலாளி தொழிலை விட்டாலோ அவை பிள்ளைகள் ஏறும் குதிரையாக விற்கப்படுகின்றன. விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். வாங்கியவர் பதற்றத்தில் கயிற்றை மேலே இழுத்து விலாவில் உதைப்பார், அது தனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் செய்யும், 'தூக்கிப் போடப் பார்த்தது' என்று அடி விழும். சொன்னதைச் செய்ததற்கு அடி வாங்கும் குதிரை அப்புறம் எதைத்தான் நம்பும்?

மல்லி அப்படி வந்ததா என்று நீங்களே பார்க்கலாம். யாரும் ஏறாமல், திறந்த களத்தில், ஒருவர் தூரத்தில் நின்று செல்போனில் பறையோ நையாண்டி மேளமோ மெதுவாக ஒலிக்கட்டும். காதை நிமிர்த்தி, கழுத்தை வளைத்து, முன்னங்காலைத் தட்டத் தொடங்கினால் அது ஆட்டக்குதிரை. கைதட்டிச் சிரிக்காதீர்கள், தீனி கொடுக்காதீர்கள், 'இன்னொரு தடவை' என்று பிள்ளைகள் கேட்டாலும் வேண்டாம். நிமிர்ந்த குதிரை பின்னால் மல்லாந்து விழலாம், மேலே இருப்பவர் அடியில் போவார். அப்படிப்பட்ட குதிரைக்குக் கயிற்றைத் தாழ்வாகவே பிடிக்க வேண்டும், விலாவில் குதிகால் படவே கூடாது, நடப்பதைச் சொல்லால் மட்டும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். களத்திலும் பாலத்திலும் அமைதியாகக் கயிற்றில் நடந்து வரும் வரை பிள்ளைகளை ஏற்றாதீர்கள். மேளத்துக்கு அசையவே இல்லை என்றால், கால் தூக்கியது வாய் வலியாலோ பாரத்தாலோ இருக்கலாம்.

பாரம் என்றது உங்களைத்தான். சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதன் முதுகில் ஏறக் கூடாது. மல்லி 200 கிலோ இருந்தால் 40 கிலோதான் கணக்கு. பிள்ளைகளில் மெலிந்தவர் ஏறலாம், தலைக்கவசத்தோடு, கயிறு உங்கள் கையில் இருக்கும்போது. நீங்கள் இனி ஏற வேண்டாம். பக்கத்தில் நடந்து வாருங்கள்.