கிளவுன், ஜெஸ்டர், பபூன்: கேள்வி பதில்

கே: அண்ணா, ஆபீஸில் எல்லோரையும் சிரிக்க வைக்கும் ஒருவரைப் பாராட்டி வாட்ஸப் குழுவில் 'கிளவுன்' என்று எழுதினேன். மனுஷன் முகம் சுருங்கிவிட்டது. ஏன்?

ப: சுருங்கத்தான் செய்யும். சர்க்கஸுக்கு வெளியே ஒருவரை கிளவுன் என்றால் 'கூறு கெட்டவன்' என்றுதான் காதில் விழும். 16ஆம் நூற்றாண்டிலேயே அந்தச் சொல்லுக்குப் பட்டிக்காட்டான் என்ற அர்த்தம் இருந்தது, நாடகத்தில் சிரிப்பு வேஷம் கட்டுபவரையும் அப்படித்தான் அழைத்தார்கள். பேச்சில் சமயோசிதமாகச் சிரிக்க வைப்பவரை 'விட்டி' என்று சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

கே: சார், ஜெஸ்டர், ஃபூல், கிளவுன் மூன்றும் ஒன்றுதானே?

ப: ஒன்றில்லை. ஜெஸ்டர் அரண்மனை ஆள், இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியிடம் இருந்த வில் சாமர்ஸ் மாதிரி. அரண்மனை விதூஷகனுக்கு ஃபூல் என்ற பெயரும் உண்டு, ஆனால் அவன் முட்டாள் இல்லை. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தைப் பாருங்கள். ஃபூல் ராஜாவிடம், ஒரு முட்டை கொடு, இரண்டு கிரீடம் தருகிறேன் என்கிறான். எப்படி என்றால், முட்டையை நடுவில் வெட்டி உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டால் மிஞ்சும் இரண்டு ஓடுகள்தான் கிரீடமாம். நீயும் உன் கிரீடத்தை இரண்டாகப் பிளந்து மகள்களுக்குக் கொடுத்துவிட்டாயே என்று அடுத்த மூச்சில் குத்துகிறான். மகள்களிடம் நாட்டைக் கொடுத்துவிட்டு நிற்கும் கிழவனிடம் வேறு யார் இதைச் சொல்ல முடியும்? ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவில் முன்பு இருந்த நடிகர் வில் கெம்ப் வேறு ரகம், ஆட்டம், குதிப்பு, உடம்பால் செய்யும் காமெடி. 1600ல் லண்டனிலிருந்து நார்விச் வரை ஆடிக்கொண்டே போனவர் அவர். இவரைத்தான் நான் கிளவுன் என்பேன்.

கே: நம்ம ஊர் நாடகத்தில் வரும் பபூன் இங்கிலீஷ் வார்த்தையா?

ப: ஆமாம். இத்தாலியனில் கன்னத்தை உப்ப வைத்து ஊதுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் இசை நாடக மேடைக்கு வந்தது. மேடையில் பபூன் வந்து கலகலக்க வைத்தால்தான் கூட்டம் உட்காரும், இங்கே அது ஒரு கலைஞரின் பெயர். ஆங்கிலத்தில் மட்டும் யாரையும் அப்படிக் கூப்பிட்டுவிடாதீர்கள், சுத்தமான வசவு.

கே: ஆங்கிலத்தில் 'ஸேனி' என்றால்?

ப: கிறுக்குத்தனமான வேடிக்கை. வெனிஸ் பக்கம் ஜியோவானி என்ற பெயரைச் சுருக்கி ஸான்னி என்பார்கள், பழைய இத்தாலிய நாடகத்தில் வேலைக்கார வேஷத்துக்கு அந்தப் பெயர்.

கே: ஆங்கிலத்தில் கிளவுனை 'ஜோயி' என்று ஏன் சொல்கிறார்கள்?

ப: ஜோசப் கிரிமால்டியின் நினைவாக. வெள்ளை பூசிய முகத்தில் கன்னத்தில் சிவப்புத் தீட்டி லண்டன் மேடைகளை ஆண்டவர். குட்டிக்கரணமும் விழுதலும் உடம்பைத் தின்றுவிட்டன, 1828 பிரிவு நிகழ்ச்சியில் நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே நடித்தார். இறந்தது 1837ல். நினைத்தாலே எனக்கு மனசு கனக்கும்.

கே: அக்கா பையன் ரிப்போர்ட்டில் 'கிளாஸ் கிளவுன்' என்று எழுதியிருக்கிறார்கள். திட்டலாமா?

ப: திட்ட வேண்டாம். பாட நேரத்தில் வேடிக்கை காட்டி வகுப்பைச் சிரிக்க வைக்கிறான் என்று அர்த்தம். டீச்சரிடம் எந்த நேரத்தில் அப்படிச் செய்கிறான் என்று கேளுங்கள், பள்ளியில் நாடகம் இருந்தால் அதில் சேர்த்துவிடுங்கள்.