ஆபா எண் கொடுத்தும் ரிப்போர்ட் வரவில்லையே! – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: “எல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிட்டது என்கிறார்கள். அப்புறம் ஏன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்?” ஆஸ்பத்திரி மென்பொருட்களை ஒன்றோடு ஒன்று பேசவைப்பதுதான் என் பிழைப்பு. ஆனாலும் என் அம்மாவின் ஃபைல் இன்றைக்கும் மஞ்சப்பையில்தான் போகிறது. அதையும் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

அப்பாவுக்கு கிருஷ்ணகிரியில் ரத்தப் பரிசோதனை எடுத்தோம். பெங்களூரில் காட்டப் போனபோது ஆபா எண்ணைக் கொடுத்தோம். “ஒன்றும் வரவில்லை” என்று திரும்பவும் எடுக்கச் சொன்னார்கள். ஏன்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

ஆபா என்பது ஆயுஷ்மான் பாரத் ஹெல்த் அக்கவுன்ட் என்பதன் சுருக்கம். அந்த 14 இலக்க எண்ணைப் பலரும் லாக்கர் என்று நினைத்துவிடுகிறோம். அதற்குள் எதுவும் கிடையாது. வீட்டுக் கதவு எண் மாதிரிதான். 2021 செப்டம்பரில் இந்த எண்ணைத் தரும் மத்திய அரசுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுக்க வந்தபோதே, ரிப்போர்ட்டுகளை ஓரிடத்தில் கொட்டி வைப்பதில்லை என்பதுதான் ஏற்பாடு. எடுத்த இடத்திலேயே அவை இருக்கும்.

பெங்களூர் டாக்டர் பார்க்க மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். இங்கே ரிப்போர்ட்டை அப்பாவின் ஆபாவோடு இணைத்திருக்க வேண்டும். அங்கே அதைக் கேட்டு அனுப்ப வேண்டும். அப்பா தன் செல்போனில் சம்மதம் தர வேண்டும். நான் பார்த்தவரை விட்டுப்போவது முதலாவதுதான். ஓபி சீட்டுக்கு க்யூஆர் ஸ்கேன் செய்தால் பெயரும் வயதும் போய்ச் சேரும். ரிப்போர்ட்டும் சேர்ந்துவிட்டதாக நாம் நம்பிவிடுகிறோம். அடுத்த முறை கவுண்டரில், “இன்றைய ரிப்போர்ட்டை ஆபாவில் லிங்க் பண்ணிட்டீங்களா?” என்று கேட்டுவிடுங்கள். மாநிலம் மாறுவது பிரச்சினையே இல்லை. டேட்டாவுக்கு அத்திப்பள்ளியில் செக்போஸ்ட் கிடையாது.

பாட்டியின் பெயர் ஒரு சீட்டில் எம். மாதம்மாள், இன்னொன்றில் மாதம்மா முனுசாமி. இரண்டும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?
– வாசகி, பென்னாகரம்

தெரியாது. இந்தத் தொழிலில் ஆகக் கடினமான வேலை இதுதான்.

நம் பக்கம் ஊருக்கு நாலு மாதம்மாள். இனிஷியல் சில சமயம் அப்பா பெயர், சில சமயம் கணவர் பெயர், சில சமயம் முன்னால், சில சமயம் பின்னால். சரி, பிறந்த தேதியை வைத்துப் பிரிக்கலாம் என்றால், வயதானவர்கள் பலருக்கு ஆதாரில் வருடம் மட்டுமே இருக்கிறது. காலியாக விட மனமில்லாத மென்பொருள் ஜனவரி 1 என்று தானே போட்டுக்கொள்ளும். வீட்டுக்கே ஒரு செல்போன் என்பதால் அந்த எண்ணும் கைகொடுக்காது.

நானே வாங்கிக்கட்டிக்கொண்டேன். ஓர் ஆஸ்பத்திரியில் பெயர், ஊர், பிறந்த தேதி மூன்றும் பொருந்தினால் ஒரே ஆள் என்று விதி எழுதினேன். இரண்டு பாட்டிகள் ஒன்றாகிவிட்டார்கள். ஒருவருக்குப் பென்சிலின் ஒவ்வாது. அந்தக் குறிப்பு மற்றவருடைய பக்கத்தில் போய் உட்கார்ந்தது. நர்ஸ் ஒருவர் பாட்டியிடமே வாய்விட்டுக் கேட்டதால் பிடிபட்டது. அன்றிலிருந்து பதிவுகளை நான் கலப்பதே இல்லை. இரண்டையும் அப்படியே வைத்து நடுவில் ஒரு முடிச்சு மட்டும் போடுவேன். தப்பென்றால் அவிழ்த்துக்கொள்ளலாம். நீங்கள் செய்யக்கூடியது: ஆதாரில் உள்ள எழுத்தையே எல்லா இடத்திலும் சொல்லுங்கள்.

சின்ன லேப் வைத்திருக்கிறேன். எக்செல்லில் ரிசல்ட் போடுகிறேன். ஒரு ஆஸ்பத்திரி “ஃபயர் ஃபார்மேட்டில் அனுப்புங்கள்” என்கிறது. புரியவில்லை.
– பாலக்கோடு

ஃபயர் (FHIR) என்பது, மருத்துவத் தகவலை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப ஹெச்எல்7 என்ற அமைப்பு வகுத்த தரம். நோயாளி ஒரு டப்பா, பரிசோதனை அளவு ஒரு டப்பா, மருந்து ஒரு டப்பா என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த விவரம் எங்கே என்று முன்கூட்டியே பேசிவைத்த முறை. மாற்றிக்கொடுக்க மென்பொருள் இருக்கிறது. அதற்காகப் பயப்பட வேண்டாம்.

டப்பாவுக்குள் என்ன போடுகிறீர்கள் என்பதில்தான் சிக்கல். “சுகர் 140” என்றால் சாப்பிடும் முன்பா, பின்பா? நீங்கள் எஃப்பிஎஸ் என்பீர்கள், பக்கத்து லேப் குளுக்கோஸ் ஃபாஸ்டிங் என்பார்கள். இதற்காகத்தான் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு பொது எண் தரும் லோயிங்க் (LOINC) குறியீடு: வெறும் வயிற்றுச் சர்க்கரை, டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றால் 1558-6. எந்த ஊர் கம்ப்யூட்டருக்கும் அது புரியும். அலகையும் விடாதீர்கள். சிங்கப்பூரிலிருந்து வந்தவர் ரிப்போர்ட்டில் 7 என்று இருக்கும். அது மில்லிமோல் கணக்கு. 18-ஆல் பெருக்கினால் நம்மூர் 126. அலகு இல்லாத 7 யாருக்கும் உதவாது.

மென்பொருள் வாங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உங்கள் டெஸ்ட் பெயர், அலகு, குறியீடு மூன்றையும் ஒரே ஷீட்டில் எழுதிவிடுங்கள்.

ஸ்கேன் சென்டர் கொடுத்த சிடி வீட்டுக் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை.
– ஓசூர்

பழுதில்லை. படங்கள் டைகாம் (DICOM) என்ற மருத்துவப் பட வகையில் இருக்கும்; அதைத் திறக்கும் வியூவர் மென்பொருள் பெரும்பாலும் சிடியிலேயே இருக்கும். திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பாதீர்கள், டாக்டரால் அளந்து பார்க்க முடியாது.

வீடு வீடாகப் போய் பிபி பார்க்கிறேன். சித்தேரி மலையில் சிக்னல் இல்லை. கீழே வந்து ஏற்றினால் எல்லாருக்கும் சாயங்காலம் ஒரே நேரம் விழுகிறது. பரவாயில்லையா?
– அரூர்

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கே போய்ப் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் சூளகிரி பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மலைக்கிராமக் கணக்கு ஒழுங்காக வருவதில் நமக்கு அக்கறை இருக்க வேண்டாமா? அளந்த நேரம் வேறு, ஏற்றிய நேரம் வேறு. மென்பொருளில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். காலை மாத்திரைக்கு முன் எடுத்த 160, மாலை 6 மணி அளவாகத் தெரிந்தால் டாக்டர் மருந்தைக் கூட்டிவிடலாம். மேலதிகாரியிடம் எழுதிக் கேளுங்கள். அதுவரை குறிப்புக் கட்டத்தில் நேரத்தைப் போடுங்கள்.

ஆபாவில் ஒரு தடவை சம்மதம் கொடுத்தால் வாழ்நாள் முழுக்கப் பார்ப்பார்களா?
– தர்மபுரி

இல்லை. எந்த ரிப்போர்ட், எதற்காக, எத்தனை நாள் என்று சம்மதத்திலேயே இருக்கும். ‘ஓகே’ அழுத்தும் முன் தேதியைப் பாருங்கள், குறைக்கலாம். நடுவில் ரத்தும் செய்யலாம். ஆனால் அதற்குள் அவர்கள் பிரிண்ட் எடுத்த தாளை எந்த ஆப்பும் திரும்ப வாங்கித் தராது.