எட்டு மனசுல, அஞ்சு விரல்ல

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். தொடக்கப் பள்ளிக் கணக்கு பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். என் மகள் ஆங்கில வழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் பேரன்ட்ஸ் மீட்டிங்கில் அவளுடைய மிஸ், "இன்னமும் விரல் விட்டுத்தான் எண்ணுகிறாள். முதலில் அதை நிறுத்துங்கள். மெண்டல் மேத்ஸ் வரவே இல்லை" என்றார். வெள்ளிக்கிழமைதோறும் ஐந்து நிமிடத்தில் இருபது கணக்கு டெஸ்ட் வைக்கிறார்கள். இவள் பாதிகூட முடிப்பதில்லை. இப்போது கையை டெஸ்க்குக்கு அடியில் ஒளித்துவைத்து எண்ணுகிறாளாம்.

கடைசி டெஸ்டில் 43 - 38 என்ற கணக்குக்கு 15 என்று எழுதியிருந்தாள். நானும் திட்டிவிட்டேன், அழுதாள். அபாகஸ் வகுப்பில் சேர்த்துவிடலாம் என்கிறார் கணவர். என் அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், மளிகைக் கடை வைத்திருந்தவர், எல்லாக் கணக்கும் அவருக்கு மனசிலேயே ஓடும். அவர், "வாய்ப்பாட்டை உருப்போட வை, மத்ததெல்லாம் தானா வரும்" என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது? விரல் விடுவதை எப்படி நிறுத்துவது?

ம., திண்டுக்கல்

*

அன்புள்ள ம.,

நிறுத்த வேண்டாம். இன்றைக்கே மகளைக் கூப்பிட்டு, "கையை மேலே வைத்தே எண்ணும்மா" என்று சொல்லிவிடுங்கள். ஒளித்து எண்ணும் பிள்ளைக்கு இரண்டு வேலை. கணக்கும் போட வேண்டும், மாட்டிக்கொள்ளாமலும் இருக்க வேண்டும். ஏழு வயதில் அந்த இரண்டாவது வேலையே பாதிக் கவனத்தைத் தின்றுவிடும். அப்புறம் ஐந்து நிமிடத்தில் இருபது கணக்கு எங்கே முடியும்?

விரல் விடுவது மந்தத்தின் அடையாளம் என்ற எண்ணம் நம் பள்ளிகளில் வேரோடிப் போயிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் தெவெனோவும் உடன் பணியாற்றியவர்களும் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். விரலைப் பயன்படுத்தாத ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு விரல் விட்டுக் கூட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுடைய கூட்டல் வெகுவாக மேம்பட்டது. 2024இல் வெளியான ஆய்வு இது. விரல் ஒரு படி. பிள்ளை அதில் ஏறி நிற்பதில் தவறே இல்லை. அடுத்த படி எது என்று நாம் காட்டாமல் விடுவதுதான் தவறு.

எனவே உங்கள் மகள் விரல் விடுகிறாளா என்று பார்க்காதீர்கள். எப்படி விடுகிறாள் என்று பாருங்கள். எட்டும் ஐந்தும் எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு கையில் தொடங்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு வரை எண்ணி, மறுபடி ஐந்து எண்ணி, பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ணினால் அவள் முதல் படியில் இருக்கிறாள். "எட்டு மனசுல, அஞ்சு விரல்ல" என்று ஐந்து விரலை நீட்டி, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று என்று மடக்கினால் இரண்டாம் படிக்கு வந்துவிட்டாள். நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் படி வரை நன்றாகவே வருகிறார்கள், டீச்சர்களும் இதுவரை நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். அதோடு விட்டுவிடுகிறோம். ஐந்தாம் வகுப்பில்கூட மனசுல ஒன்று, விரல்ல ஒன்று என்று நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். 38 + 27 என்றால் இருபத்தேழு விரலுக்கு எங்கே போவது?

மூன்றாம் படி பத்தைப் பிடிப்பது. 8 + 5 என்றால், ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டுக்குக் கொடு, பத்து ஆயிற்று, மிச்சம் மூன்று, பதிமூன்று. நமக்கு இது ஒரே நொடி. பிள்ளைக்கு இதற்குள் மூன்று தனித்தனித் திறமைகள் இருக்கின்றன. எட்டு பத்தாக இரண்டு வேண்டும் என்பது தெரிய வேண்டும். ஐந்தை இரண்டும் மூன்றுமாகப் பிரிக்கத் தெரிய வேண்டும். பத்தும் மூன்றும் பதிமூன்று என்பது எண்ணிப் பார்க்காமல் வர வேண்டும். இந்த நடுவில் உள்ளதை, அதாவது பிரிப்பதை, பெரும்பாலான வகுப்புகளில் யாருமே சொல்லிக்கொடுப்பதில்லை. எட்டும் இரண்டும், ஏழும் மூன்றும் என்று பத்தின் ஜோடிகளை மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, "ஏன் இன்னும் வரவில்லை?" என்று கேட்கிறோம். ஐந்து என்பது உடையாத ஒரு கல் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையால் அதிலிருந்து இரண்டை எடுக்க முடியாது.

இதற்கு நல்ல விளையாட்டு நம்மிடமே இருக்கிறது. ஒத்தையா ரெட்டையா விளையாடியிருப்பீர்கள். அதையே கொஞ்சம் மாற்றுங்கள். ஐந்து புளியங்கொட்டையை எண்ணி அவளிடம் காட்டுங்கள். சிலவற்றைக் கைக்குள் மூடிக்கொண்டு மீதியைத் தரையில் போடுங்கள். தரையில் மூன்று கிடக்கிறது, கைக்குள் எத்தனை? முதலில் விரல் விட்டுத்தான் சொல்வாள், சொல்லட்டும். சில நாளில் பார்த்த மாத்திரத்தில் சொல்வாள். அப்போது ஆறு, ஏழு என்று ஏற்றிக்கொண்டே பத்துக்குப் போங்கள். அவள் மூடிக்கொள்ள, நீங்கள் கண்டுபிடிக்கும் ஆட்டமும் வேண்டும். பிள்ளைகளுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் ஒரு முட்டை அட்டையை எடுத்து, வரிசைக்கு ஐந்து குழியாக இரண்டு வரிசை வருகிற மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள். பத்துக் குழி. எட்டுக் கொட்டையைப் போட்டால் இரண்டு குழி காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரியும். கையில் இன்னும் ஐந்து கொட்டை கொடுங்கள். இரண்டு குழியை நிரப்புவாள், மூன்று கையில் நிற்கும். "எவ்வளவு?" என்று கேட்காதீர்கள், "என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். "ரெண்டு உள்ள போச்சு, மூணு மிச்சம்" என்று வாயால் சொல்கிறாள் பாருங்கள், அந்த வாக்கியம்தான் நாளைக்கு அட்டையும் கொட்டையும் இல்லாமல் அவள் மனசுக்குள் ஓடப்போவது. இதையெல்லாம் வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். பள்ளியில் ஆங்கிலத்தில் விடை சொல்ல வேண்டுமென்றால் சொல்லிக்கொள்வாள்.

சில பிள்ளைகள் பத்தைப் பிடிக்காமல் வேறு வழியில் போவார்கள். ஆறும் ஏழும் என்றால், "ஆறும் ஆறும் பன்னிரண்டு, அதோட ஒண்ணு" என்பார்கள். எட்டும் ஐந்தும் கேட்டால், "அஞ்சும் அஞ்சும் பத்து, எட்டுல மூணு மிச்சம்" என்று சொல்லும் பிள்ளையும் உண்டு. ஒன்பதைக் கூட்டச் சொன்னால் பத்தைக் கூட்டி ஒன்றைக் குறைப்பவர்களும் உண்டு. நான் பாடம் எடுக்கும்போது கரும்பலகையில் ஒரே ஒரு கணக்கு எழுதி, விடை வந்த பிறகும் விடாமல், "வேறு யார் வேறு மாதிரி போட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒரு கணக்குக்கு நான்கு வழி வந்துவிடும். இருபது கணக்கு ஒரே வழியில் போடுவதைவிட அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் கற்பது அதிகம்.

சரி, 43 - 38க்கு வருவோம். நீங்கள் திட்டிய அந்தப் 15 கவனக்குறைவால் வந்ததல்ல. நேர்குத்தாக எழுதிப் போடும் கழித்தலில் உலகமெங்கும் பிள்ளைகள் செய்கிற பிழை அது. 3இலிருந்து 8 போகாது. சரி, 8இலிருந்து 3 போனால் 5. 4இலிருந்து 3 போனால் 1. விடை 15. அவள் தன் விதியை ஒழுங்காகத்தான் கடைப்பிடித்திருக்கிறாள். நாற்பத்து மூன்று, முப்பத்தெட்டு என்ற இரண்டு எண்கள் அவள் கண்ணில் படவே இல்லை. 4, 3, 3, 8 என்று நான்கு இலக்கங்கள் மட்டுமே பட்டன. பத்து என்றால் என்னவென்று கைக்குப் பழகுவதற்கு முன்பே "கடன் வாங்கிக் கழி" என்று சொல்லிக்கொடுத்தால் இதுதான் நடக்கும். அமெரிக்கக் கல்வியாளர் கான்ஸ்டன்ஸ் கமி, தொடக்க வகுப்புகளில் இந்த எழுத்துமுறைகளைச் சீக்கிரம் புகுத்துவது பிள்ளையின் சிந்தனைக்கே கெடுதல் என்று வாதாடினார். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன், எழுத்துமுறையும் வேண்டும். ஆனால் மனக்கணக்கு முன்னால் வர வேண்டும், எழுதிப் போடுவது அதற்குப் பின்னால்.

இந்தக் கணக்குக்குச் சரியான ஆசிரியர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். உங்கள் அப்பாவிடம், "38 ரூபாய்க்குச் சாமான், 43 ரூபாய் குடுத்தாங்க, மீதி எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் கடன் வாங்கமாட்டார். முப்பத்தெட்டு, ரெண்டு போட்டா நாற்பது, மூணு போட்டா நாற்பத்து மூணு, அஞ்சு ரூபா. கடைக்காரர்கள் மீதி எண்ணிக்கொடுக்கிற முறை அது, கழித்தலைக் கூட்டலாகப் போடுவது. வாய்ப்பாட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு இதைப் பேத்திக்குக் காட்டச் சொல்லுங்கள். இருவரும் கடை வைத்து விளையாடட்டும். உண்மையான சில்லறை வேண்டும், பொம்மைக் காசு வேண்டாம்.

ஆனால் விளையாட்டோடு நின்றால் போதாது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்து, நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இன்னும் சிலரும் செய்த ஆய்வு 2025இல் 'நேச்சர்' இதழில் வந்தது. பல சாமான்களின் விலையை மனசிலேயே கூட்டி, சரியாக மீதி கொடுக்கும் பிள்ளைகள், அதே மாதிரிக் கணக்கைப் பாடப்புத்தக வடிவில் கொடுத்தால் தடுமாறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ தாளில் போட்டதைச் சந்தைக் கணக்கில் போட முடியாமல் திணறினார்கள். கடையும் நோட்டும் தானாக ஒட்டிக்கொள்வதில்லை. நாம்தான் ஒட்ட வேண்டும்.

அதற்கு ஒரு கோடு போதும். நெதர்லாந்தின் தொடக்கப் பள்ளிகளில் வெறும் எண்கோடு என்று ஒன்றை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அளவுகளோ எண்களோ குறிக்காத ஒரு நேர்கோடு, அவ்வளவுதான். தாத்தா மீதி எண்ணிய உடனே அதே கோட்டில் ஒரு முனையில் 38 என்று எழுதச் சொல்லுங்கள். அங்கிருந்து 40க்கு ஒரு தாவல், மேலே 2 என்று எழுதட்டும். 40இலிருந்து 43க்கு இன்னொரு தாவல், மேலே 3. இரண்டையும் கூட்டினால் 5. பக்கத்திலேயே 43 - 38 = 5 என்று எழுதட்டும். தாத்தா வாயால் சொன்னதும், கோட்டில் தாவியதும், நோட்டில் உள்ள கணக்கும் ஒன்றுதான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரியும்.

இன்னொரு நாள் 43 - 5 கொடுங்கள். இப்போது 5இலிருந்து 43 வரை தாவுவது வீண் வேலை. 43இலிருந்து பின்னால் மூன்று தாவினால் 40, இன்னும் இரண்டு, 38. அதற்கடுத்து 52 - 19 கொடுங்கள், இருபதைக் கழித்து ஒன்றைக் கூட்டுகிறாளா பாருங்கள். மனக்கணக்கு என்று நான் சொல்வது இதைத்தான். முதலில் எண்களைப் பார்க்க வேண்டும், அப்புறம் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேகம் அதற்குப் பின்னால் வரும். எல்லாக் கணக்கையும் ஒரே வழியில் மின்னல் வேகத்தில் போடும் பிள்ளையைவிட, ஒரு நிமிடம் யோசித்து, "இது கிட்ட கிட்ட இருக்கு, மேல எண்ணிக்கலாம்" என்று சொல்லும் பிள்ளைதான் எனக்கு முக்கியம்.

அபாகஸ் பற்றி உங்கள் கணவரிடம் இப்படிச் சொல்லுங்கள். குஜராத்தில் வதோதராவில் ஒரு பள்ளியில் மூன்று ஆண்டுகள் ஆய்வு நடத்தினார்கள், 2016இல் வெளியானது. மனசுக்குள் மணிகளை நகர்த்தும் அபாகஸ் பயிற்சி பெற்ற பிள்ளைகளுக்குக் கணக்குப் போடும் திறமை கூடியது உண்மை. நினைவாற்றல், மூளைத்திறன் என்று விளம்பரங்களில் சொல்கிறார்களே, அந்த மாற்றத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அபாகஸ் கெட்டது இல்லை. அவளுக்கு ஆசை இருந்தால் மூன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். பத்தை உடைக்கத் தெரியாமல் இப்போதே அனுப்பினால், மணியை நகர்த்தும் விதிகள் இன்னொரு மனப்பாடமாகத்தான் போய்ச் சேரும்.

வாய்ப்பாடு வேண்டும், உங்கள் அப்பா சொல்வதை நான் தள்ளவில்லை. இரண்டு, ஐந்து, பத்தாம் வாய்ப்பாடுகள் போதும் இப்போதைக்கு. ஏழு ஆறு எவ்வளவு என்று பிற்பாடு கேட்டால், ஐந்து ஆறு முப்பது, இரண்டு ஆறு பன்னிரண்டு, மொத்தம் நாற்பத்திரண்டு என்று சேர்த்துக்கொள்வாள்.

மிஸ்ஸிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் படும் பாடு எனக்குத் தெரியும். அந்த டெஸ்ட் தாளையும் நீங்கள் போட்ட எண்கோட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரண்டு வேண்டுகோள் வையுங்கள். கொஞ்ச நாளைக்கு இவளுக்கு நேரக் கட்டுப்பாடு வேண்டாம், முடித்த வரைக்கும் போதும். இருபதில் ஏதாவது ஒரு கணக்குக்கு மட்டும், "எப்படிப் போட்டாய்?" என்று அவளிடம் கேளுங்கள். மறுத்தால் பரவாயில்லை, அந்த இரண்டாவது கேள்வியை வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்களே கேட்டுவிடுங்கள். தப்பாகப் போட்டதை மட்டும் கேட்காதீர்கள், சரியாகப் போட்டதையும் கேளுங்கள். இல்லாவிட்டால், "எப்படி?" என்று அம்மா கேட்டாலே தப்பு என்று நினைத்து அழித்துவிடுவாள்.

ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். 8 + 5க்கு அவள் என்ன சொன்னாள் என்பதை அவள் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்,
டீச்சர்